எப்போது என்று மூளைக்குத் தெரியாது

வீட்டில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, "இந்த கிரைண்டரை எப்போ வாங்கினோம்?" என்று கேட்டுப் பாருங்கள். யாருக்கும் சட்டென்று வருஷம் வராது. "சின்னவளுக்குக் காது குத்தினதுக்கு அப்புறம்தான்" என்பார் ஒருவர். "இல்லையே, மாடி வீட்டுல குடியிருந்தப்பவே இருந்துச்சே" என்பார் இன்னொருவர். "வெள்ளம் வந்தப்போ இதைத் தூக்கித்தானே கட்டில் மேல வெச்சோம், அப்படின்னா 2015க்கு முன்னாடி" என்று மூன்றாமவர் முடிச்சை ஓரளவு அவிழ்ப்பார். வாங்கிய கடை நினைவிருக்கும். கூடவே கொடுத்த தேங்காய்த் துருவி நினைவிருக்கும். ஆட்டோவில் அதைப் பிடித்துக்கொண்டு வந்தது யார் என்பதுகூட நினைவிருக்கும். தேதி மட்டும் இருக்காது.

இதை மறதி என்று தள்ளிவிட முடியாது. நல்ல ஞாபகசக்தி உள்ளவர்களுக்கும் இதே கதைதான். என்ன நடந்தது, எங்கே நடந்தது, யார் இருந்தார்கள் என்பதை மூளை ஒன்றாக முடிந்து வைக்கிறது. எந்த நாள் என்று குறித்துக்கொள்ள அதனிடம் ஏற்பாடு எதுவும் இல்லை. கேட்டால், பக்கத்தில் கிடக்கும் அடையாளங்களைப் பொறுக்கிக் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறது. அன்றாட வாழ்க்கையை எழுதிவைக்கும் பழக்கத்துக்கு எத்தனையோ நன்மைகள் சொல்வார்கள். மனபாரம் இறங்கும், கை பழகும், மனசு தெளியும் என்பார்கள். எல்லாம் இருக்கட்டும். நாட்குறிப்பின் ஆகப் பெரிய செல்வம் பக்கத்தின் மேல் மூலையில் இருக்கும் தேதிதான் என்பது என் எண்ணம். மூளை செய்யாமல் விட்ட வேலையை அந்த அரை வரி செய்துவிடுகிறது.

மூளை எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதை ஒரு நிலநடுக்கம் காட்டிக்கொடுத்தது. 1986 ஜனவரி 31ஆம் தேதி, நண்பகலுக்குச் சற்று முன்பு, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பூமி அதிர்ந்தது. அங்கே ஓபர்லின் கல்லூரியில் இருந்த உளவியலாளர் வில்லியம் ஃப்ரீட்மன், சில மாதங்கள் கழித்துக் கல்லூரி ஊழியர்களிடம் அது எப்போது நடந்தது என்று கேட்டார். பகலில் எத்தனை மணி என்பதை ஏறக்குறையச் சரியாகவே சொன்னார்கள். எந்த மாதம், எந்தத் தேதி என்று கேட்டபோதுதான் தடுமாறினார்கள்.

இது எவ்வளவு விநோதமான விடை என்று யோசித்துப் பாருங்கள். காலம் மூளைக்குள் ஒரு நீண்ட கோடாக இருந்திருந்தால், முதலில் வருஷம் தெரிய வேண்டும், பிறகு மாதம், பிறகு நாள், கடைசியில்தான் மணி. நடப்பது தலைகீழ். காரணம் எளிது. மேஜை ஆடியபோது வெளிச்சம் எப்படி இருந்தது, சாப்பாட்டுக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தோமா, பசித்ததா என்பதெல்லாம் சம்பவத்தோடு சேர்ந்தே பதிந்திருக்கிறது. அதிலிருந்து மணியைப் பிடித்துவிடலாம். ஜனவரியா மார்ச்சா என்று சொல்லும் அடையாளம் அந்தக் காட்சிக்குள் அவ்வளவாக இல்லை.

தன் நினைவையே சோதனைக்கூடமாக்கிய இரண்டு பேரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். முதலாமவர் மரிகோல்ட் லிண்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். 1972இல் தொடங்கி ஆறு ஆண்டுகள், நாளுக்குக் குறைந்தது இரண்டு சம்பவங்களைச் சின்னச் சின்ன அட்டைகளில் ஓரிரு வரியாக எழுதினார். மொத்தம் 5500க்கும் மேல் சேர்ந்தது. மாதம் ஒருமுறை அட்டைகளைக் கலைத்துப்போட்டு எடுத்து, இது நினைவிருக்கிறதா, இந்த இரண்டில் எது முந்தி நடந்தது, எந்தத் தேதி என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார்.

லிண்டன் கண்டுகொண்டதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது ஒன்று உண்டு. அவர் வெளியூருக்கு ஒரு குழுக் கூட்டத்துக்கு அடிக்கடி போய்வந்தார். முதல் கூட்டம் நன்றாக நினைவிருந்தது. போகப் போக எந்தப் பேச்சு எந்தக் கூட்டத்தில் என்பது குழம்பி, எல்லாக் கூட்டமும் சேர்ந்து 'கூட்டம்' என்ற ஒரே நினைவாகிவிட்டது. ஒரு விஷயம் எத்தனை முறை நடக்கிறதோ அத்தனைக்கு அதன் தனித்தனி நாட்கள் கரைந்துபோகின்றன. வாழ்க்கையில் மிக அதிகமாக நடப்பவை எவை? காலைக் காப்பி, பள்ளிக்குக் கிளப்புவது, மாலையில் செடிக்குத் தண்ணீர் விடுவது, இரவுச் சாப்பாட்டுப் பேச்சு. நாம் மிக அதிகமாக வாழும் பகுதியைத்தான் மிகக் குறைவாக நினைவில் வைத்திருக்கிறோம்.

மூளையைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. மூளையின் அடிப்பக்கத்தில், இரு காதுகளுக்கும் உள்ளே தள்ளி, கடல்குதிரைபோல் வளைந்த ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. இடம், முகம், குரல், வாசனை எனத் தனித்தனியாகப் பதிவாகும் துண்டுகளை ஒரே சம்பவமாகச் சேர்த்துக் கட்டுவது அதன் வேலை. பிறகு, குறிப்பாகத் தூக்கத்தில், அந்தக் கட்டுகள் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கப்படுகின்றன. அப்போது மூளையின் மேற்பரப்பு பொதுவானதைப் பிரித்து எடுத்துக்கொள்கிறது. மாவு எவ்வளவு புளித்தால் இட்லி பூப்போல வரும் என்ற அறிவு அப்படித்தான் கைக்கு வந்தது. அந்த அறிவைக் கொடுத்த ஆயிரம் காலைகளின் தேதி சமையலுக்குத் தேவையில்லை. மூளை நாளைக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு நேற்றை விட்டுவிடுகிறது.

இரண்டாமவர் நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லம் வாகனார். அவரும் ஆறு ஆண்டுகள் நாள்தோறும் எழுதினார். சுமார் 2400 சம்பவங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு தகவல்: யார், என்ன, எங்கே, எப்போது. 1986இல் வெளியான அவருடைய ஆய்வு இந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. சோதனை இப்படி. நான்கில் ஒரு தகவலை மட்டும் காட்டி, மற்ற மூன்றும் நினைவுக்கு வருகிறதா என்று பார்ப்பார். வராவிட்டால் இரண்டாவது தகவல், அப்புறம் மூன்றாவது. 'என்ன' என்று காட்டியதுதான் எல்லாவற்றிலும் அதிகம் உதவியது. 'யார்', 'எங்கே' என்பவையும் ஓரளவு உதவின. 'எப்போது' என்பதை மட்டும் தனியாகக் காட்டியபோது அநேகமாக எதுவும் வரவில்லை. தேதியைக் கொடுத்து நினைவைத் திறக்க முடியாது. நினைவைக் கொடுத்துத் தேதியை வாங்கவும் முடியாது.

வாகனாரிடம் இன்னொரு செய்தியும் இருக்கிறது. எல்லாத் தகவலையும் காட்டியும் சுத்தமாக நினைவுக்கு வராத சம்பவங்கள் சில இருந்தன. அவற்றில் பத்தை எடுத்துக்கொண்டு, அப்போது கூட இருந்தவர்களிடம் போய்க் கேட்டார். அவர்கள் வேறு ஏதாவது ஒரு சின்ன விவரத்தைச் சொன்னதும் பத்துமே திரும்பி வந்துவிட்டன. அழிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் பலவும் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது, போக வழிதான் தெரிவதில்லை. டைரியில் எழுதும்போது, 'நல்ல நாள்' என்று எழுதுவதைவிட, 'மழையில் குடை மடங்கி, மருந்துக்கடை வாசலில் நின்றோம்' என்று எழுதுவது ஏன் மேல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

தேதியை மறக்காதவர்களும் உலகில் இருக்கிறார்கள், மிகச் சிலர். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜில் பிரைஸ் என்ற பெண், 2000ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மெக்கா என்ற நினைவாற்றல் ஆய்வாளருக்கு எழுதித் தன் நிலையை விவரித்தார். பதின்பருவம் முதல் எந்தத் தேதியைச் சொன்னாலும் அன்று என்ன கிழமை, தான் என்ன செய்தார் என்று சொல்ல அவரால் முடிந்தது. நினைவுகள் கேட்காமலே வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருப்பது பெரும் பாரம் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். 2006இல் மெக்காவும் உடன் பணிபுரிந்தவர்களும் அவரைப் பற்றி அறிவுலகுக்கு எழுதினார்கள். அவர் சொன்னது உண்மைதானா என்று ஆய்வாளர்கள் எப்படிச் சரிபார்த்தார்கள்? பிரைஸ் பல ஆண்டுகளாக டைரி எழுதி வந்திருந்தார். உலகின் அபூர்வமான நினைவாற்றலுக்கும் சாட்சி சொல்லக் காகிதம்தான் வர வேண்டியிருந்தது.

இனி, தேதி போட்டு எழுதிய குடும்பக் கதை ஒன்று அறிவியலுக்கு என்ன செய்தது என்று பார்க்கலாம். 1839 டிசம்பர் 27 அன்று சார்ல்ஸ் டார்வினுக்கும் எம்மாவுக்கும் முதல் குழந்தை பிறந்தது. வில்லியம் என்று பெயர். பரிணாமக் கொள்கையை விளக்கும் அவருடைய பெரிய நூல் வருவதற்கு இன்னும் 20 ஆண்டு இருந்தது. முப்பது வயது அப்பா ஒரு நோட்டை எடுத்து, மகன் செய்வதையெல்லாம் குறித்துக்கொண்டார். எம்மாவும் அவ்வப்போது அதில் எழுதினார்.

அந்தக் குறிப்புகளைப் படித்தால் ஓர் அப்பாவின் மகிழ்ச்சியும் ஓர் ஆய்வாளரின் கண்ணும் எங்கே பிரிகின்றன என்று சொல்ல முடியாது. ஏழாம் நாள், காகிதத் துண்டால் உள்ளங்காலைத் தொட்டதும் குழந்தை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு விரல்களை மடக்கியது. ஒன்பதாம் நாள், மெழுகுவத்திச் சுடரில் கண் நின்றது. 45ஆம் நாள், உண்மையான சிரிப்பு வந்தது. முந்திய நாட்களில் வந்தவை வெறும் உதட்டு அசைவா, சிரிப்பா என்று அவர் நின்று யோசித்திருக்கிறார். நான்கரை மாதத்தில், கண்ணாடியில் தன் உருவத்தையும் அப்பாவின் உருவத்தையும் பார்த்துப் பலமுறை சிரித்தது. ஒரு வயதில், சாப்பாடு வேண்டும் என்பதற்குத் தானாகவே 'மம்' என்று ஒரு சொல்லை உண்டாக்கிக்கொண்டது.

இரண்டு வயது ஏழரை மாதம் ஆனபோது நடந்தது எனக்கு மிகப் பிடித்தது. சாப்பாட்டு அறையிலிருந்து பையன் வெளியே வருகிறான். கண்கள் வழக்கத்துக்கு மீறிப் பளபளக்கின்றன, நடையில் ஏதோ ஒரு செயற்கை. உள்ளே போய்ப் பார்த்தால், எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்த சர்க்கரையை எடுத்துத் தின்றிருக்கிறான். அவனை இதுவரை யாரும் தண்டித்ததில்லை. ஆகவே அந்த முகமாற்றம் பயத்தால் வந்ததாக இருக்க முடியாது, ஆனந்தமும் மனச்சாட்சியும் ஒன்றோடொன்று மோதியதால் வந்ததாக இருக்கலாம் என்று டார்வின் நினைத்தார். இது எந்த வீட்டில் நடக்காது? வெல்லத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வரும் பிள்ளையை நாமும்தான் பார்க்கிறோம். இரண்டு வயது ஏழரை மாதத்தில் என்று எழுதிவைத்தவர்கள்தான் குறைவு.

அந்த நோட்டு 37 ஆண்டுகள் அப்படியே இருந்தது. 1877இல் பிரெஞ்சு அறிஞர் இப்போலித் தெய்ன், ஒரு சின்னப் பெண்குழந்தை பேசக் கற்றுக்கொண்ட விதத்தைப் பற்றி எழுதியது 'மைண்ட்' என்ற இதழில் வந்தது. அதைப் படித்த டார்வின் பழைய நோட்டைத் தேடி எடுத்தார். சில மாதங்களில் அதே இதழில் அவருடைய கட்டுரையும் வெளியானது. மகனுக்கு அப்போது 37 வயது. அந்த வயதில் அவர் போய், 'எனக்கு முதல் சிரிப்பு எப்போது வந்தது' என்று அப்பாவையோ அம்மாவையோ கேட்டிருந்தால், 'ரெண்டு மாசம் இருக்கும்' என்ற விடைதான் கிடைத்திருக்கும். அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. 45 என்ற எண் இருந்ததால், வேறு நாட்டில் வேறு குழந்தையின் நாளோடு வைத்துப் பார்க்க முடிந்தது. குழந்தை உளவியல் இப்படிப்பட்ட வீட்டு நோட்டுகளிலிருந்துதான் வளர்ந்தது. ஜெர்மனியில் கிளாரா ஸ்டெர்ன் என்ற தாய், 1900இலிருந்து 18 ஆண்டுகள், தன் மூன்று பிள்ளைகள் பேசியதையும் செய்ததையும் எழுதிக் குவித்தார். கணவர் வில்லியம் ஸ்டெர்னோடு சேர்ந்து அவர் எழுதிய நூல்களுக்கு அவைதான் அடிப்படை. பின்னால் உளவியலாளர் ஜான் பியாஜே தன் மூன்று குழந்தைகளைக் கவனித்து எழுதியவற்றின் மேல்தான் அறிவு வளர்ச்சி பற்றிய தன் கொள்கையைக் கட்டினார்.

பிள்ளைகளைப் பற்றி எழுதும்போதாவது, இது பிற்காலத்தில் உதவும் என்ற எண்ணம் இருந்திருக்கும். தோட்டத்தையும் வானத்தையும் பற்றி எழுதியவர்களுக்கு அதுவும் தெரியாது. இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்தில் கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் இருந்தார். வெள்ளரி முளைத்தது, தகைவிலான் குருவி வந்தது, மழை எவ்வளவு என்று வாழ்நாள் முழுக்க எழுதிக்கொண்டிருந்தவர். 1783 ஜூன் 23 முதல் ஜூலை 20 வரை ஊரை ஒரு விசித்திரப் புகைமூட்டம் மூடியதை அவர் விவரித்திருக்கிறார். உச்சிவெயிலில் சூரியன் மேகத்துக்குள் இருக்கும் நிலவுபோல மங்கிக் கிடந்தது. தரையில் துருப்பிடித்த நிறத்தில் வெளிச்சம் விழுந்தது. வெட்டிய இறைச்சி மறுநாளே தின்ன முடியாமல் கெட்டது. ஈக்கள் மொய்த்தன. கிராமத்து ஜனங்கள் சூரியனைப் பயபக்தியோடு பார்த்தார்கள். அந்த நேரத்தில் இத்தாலியின் கலாப்ரியாவில் நிலநடுக்கங்கள் ஏற்பட்டிருந்ததையும், நார்வே கடலோரத்தில் எரிமலை கிளம்பியதாகச் செய்தி வந்ததையும் ஒயிட் சேர்த்து எழுதினார்.

நிஜமான காரணம் ஐஸ்லாந்தில் இருந்தது. அங்கே ஜூன் 8 அன்று லாக்கி என்ற இடத்தில் நிலம் நீளவாக்கில் பிளந்து எரிமலைக் குழம்பு கக்கத் தொடங்கி, எட்டு மாதம் கக்கியது. சுமார் 12 கோடி டன் கந்தக டை ஆக்சைடு காற்றில் கலந்தது. ஐஸ்லாந்தின் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பேர் அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் மடிந்தார்கள். அந்தக் கந்தக மூட்டம் ஐரோப்பாவின் எந்த ஊரை எந்த நாளில் எட்டியது என்று இன்றைய எரிமலை ஆய்வாளர்கள் வரைபடம் போட்டிருக்கிறார்கள். அதற்கு உதவியவை ஒயிட்டைப் போன்றவர்கள் எழுதிய நாட்குறிப்புகளும் கடிதங்களும் வானிலைப் பதிவேடுகளும்தான். எழுதியவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் தெரியவில்லை. யாருக்கும் தெரிய வேண்டியிருக்கவும் இல்லை. பார்த்ததை எழுதி, நாளைக் குறித்தார்கள், அது போதுமானதாக இருந்தது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்டு என்ற சிற்றூர். எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ அங்கே 1850களில் காடுமேடெல்லாம் நடந்து, எந்தச் செடி எந்த நாளில் முதல் பூ விட்டது என்று குறித்துவைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு, அதே ஊரில் ஆல்ஃபிரட் ஹாஸ்மர் என்ற கடைக்காரர், 1878இலும் பிறகு 1888 முதல் 1902 வரையும் அதே வேலையைச் செய்தார். தோரோவை உலகத்துக்குத் தெரியும். ஹாஸ்மரை யாருக்குத் தெரியும்? கடையைக் கவனித்த நேரம் போக மிச்ச நேரத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட செடி இனங்களைத் தொடர்ந்து கவனித்த மனிதர். 2003 வாக்கில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரைமாக்கும் அவர் மாணவர் ஆபிரகாம் மில்லர்-ரஷிங்கும் இந்த இருவரின் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு, அதே இடங்களில் மறுபடி நடக்கத் தொடங்கினார்கள். பொதுவாகக் காணப்படும் 43 செடிகள், தோரோவின் காலத்தைவிடச் சராசரியாக ஏழு நாள் முன்னதாகப் பூப்பது தெரிந்தது. ஊரின் வெப்பநிலை அதற்குள் 2.4 டிகிரி செல்சியஸ் ஏறியிருந்தது. ஏழு நாள் என்பதை மனித நினைவு ஒருபோதும் பிடிக்காது. ஒவ்வொரு தலைமுறையும் தான் கண்ட பூக்காலத்தையே பூக்காலம் என்று நினைத்துக்கொள்ளும்.

ஜப்பானின் கியோட்டோவில் இதே கணக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டு நீளம். அரசவையினரும் துறவிகளும் தங்கள் நாட்குறிப்புகளில், இன்று செர்ரிப்பூ பார்க்கப் போனோம், இன்னார் விருந்து வைத்தார் என்று எழுதியிருந்தார்கள். ஆய்வாளர் யசுயுகி ஆவோனோ அந்த நாட்களைத் தேடித் தொகுத்து, பழைய சந்திர நாட்காட்டியிலிருந்து இன்றைய நாட்காட்டிக்கு மாற்றினார். வரிசை 812ஆம் ஆண்டில் தொடங்குகிறது. 2021இல் பூ முழுதாக மலர்ந்த நாள் மார்ச் 26. அந்த வரிசையில் அதுவரை மிக முந்தியதாக இருந்தது 1409இல் வந்த மார்ச் 27. விருந்துக்குப் போனவர்கள் விருந்தைப் பற்றித்தான் எழுதினார்கள்.

தமிழில் இப்படி ஒருவர் இருந்தார் என்பது நமக்குப் பெருமை. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பர் 6ஆம் தேதி எழுதத் தொடங்கினார். அது நள வருஷத்து ஆவணி மாதம். 1761 ஜனவரி வரை, கால் நூற்றாண்டு, அந்த எழுத்து நீள்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துப்ளெக்சின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர் என்பதால் அரசியல் வரலாற்றுக்காகவே அதைப் பெரும்பாலும் படிக்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்றுதான் வியப்பு. எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி மரியாதை போட்டார்கள், யார் வீட்டில் கல்யாணம், ஊரில் என்ன பேச்சு என்று எல்லாமே தேதியின் கீழ் வருகிறது. பெரிய விஷயம், சின்ன விஷயம் என்று அவர் தரம் பிரித்து எதையும் ஒதுக்கவில்லை. 1846இல் பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அந்த ஏடுகளை அடையாளம் காணும்வரை வெளியுலகத்துக்கு அவை தெரியாது. சில பகுதிகள் தொலைந்தே போய்விட்டன.

இப்போது எல்லாவற்றுக்கும் ஃபோன் தேதி போடுகிறதே, எழுதுவானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஃபோன் எடுக்கும் படத்தில் நாளும் நேரமும் தானாகப் பதியும். ஆனால் அதே படத்தை வாட்ஸ்அப்பில் சித்தப்பாவுக்கு அனுப்பினால், எடுத்த தேதி வழியிலேயே கழன்றுவிடும். அவர் கையில் சேரும் படத்தில் இருப்பது அது வந்து சேர்ந்த நாள். பத்து வருஷம் கழித்துக் குடும்பத்தில் மிஞ்சும் படங்களில் பாதி இப்படி ஊர் சுற்றியவையாகத்தான் இருக்கும். இன்னொன்று, படம் எடுக்கத் தோன்றும் தருணங்கள் பெரும்பாலும் கேக் வெட்டுவதும் கோபுரத்தின் முன் நிற்பதும்தான். பாட்டி தொலைபேசியில் சொன்ன வைத்தியத்தைப் படம் எடுக்க முடியாது. அமெரிக்காவில் ஆய்வு செய்த டெப் ராய், மகன் பிறந்தபோது தன் வீடு முழுக்கக் கேமராவும் மைக்கும் பொருத்தி, மூன்று ஆண்டில் 90,000 மணி நேரக் காணொளியும் 1,40,000 மணி நேர ஒலியும் பதிவுசெய்தார். மகன் 'காகா' என்பதிலிருந்து 'வாட்டர்' என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்த பாதையை அதிலிருந்து எடுத்துக் காட்டினார், அற்புதமான வேலை. அதற்கு ஒரு பல்கலைக்கழகக் குழுவே உட்கார்ந்து பேச்சை எழுத்தாக்க வேண்டியிருந்தது. டைரி எழுதுபவர் அந்தப் பொறுக்கியெடுக்கும் வேலையை அன்றிரவே முடித்துவிடுகிறார்.

எதை எழுதுவது என்பதிலும் மனசு நம்மை ஏமாற்றும். ஹார்வர்டில் ஆய்வு செய்த டிங் ஜாங்கும் அவர் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை அன்றன்றைய சாதாரண விஷயங்களை எழுதிவைக்கச் சொன்னார்கள்: அண்மையில் நடந்த ஓர் உரையாடல், கேட்ட மூன்று பாட்டு, கடைசியாகப் போன ஒரு நிகழ்ச்சி. பின்னால் இதைப் படிக்க எவ்வளவு ஆர்வமாக இருக்கும் என்றும் ஊகிக்கச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்துக் கொடுத்தபோது, ஊகித்ததைவிட ஆர்வம் மிக அதிகமாக இருந்தது. காதலர் தினம் போன்ற விசேஷ நாளைவிட, ஒன்றுமே நடக்காத நாளைப் பற்றிய ஊகம்தான் இன்னும் அதிகமாகத் தவறியது. லிண்டனின் குழுக் கூட்டங்களை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். விசேஷ நாள் எழுதாமலும் ஓரளவு நிற்கும். சாதாரண நாள், எழுதாவிட்டால் போனதுதான்.

எழுதுவதற்கு அழகான தோல் அட்டை நோட்டு வேண்டும் என்பதில்லை. எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் அம்மா பால் கணக்கை எழுதுவாள். அரை லிட்டர் கூடுதலாக வாங்கிய நாளில் ஒரு சின்ன வட்டம். சிலிண்டர் மாற்றிய நாளில் 'கே' என்று ஓர் எழுத்து, பால் வராத நாளில் ஒரு பெருக்கல் குறி. வருஷம் முடிந்ததும் அந்தத் தாள்கள் பாடப் புத்தகத்துக்கு அட்டை போடப் போய்விடும். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் உள்பக்கத்தில், யாரோ விருந்தாளி வந்து பால் கூடிய ஒரு வாரத்தை நான் பார்த்திருக்கிறேன். யார் வந்தார்கள் என்று அதில் இல்லை. அந்த வட்டத்தின் பக்கத்தில் ஒரு பெயர் இருந்திருக்கலாம் என்று இப்போதும் ஏங்குகிறேன்.

பெருக்கல் குறியைச் சும்மா சொல்லவில்லை. ஒன்று நடக்கவில்லை என்பதை எழுதுவதும் பதிவுதான், அறிவியலில் அதற்கு மதிப்பு அதிகம். இந்தியாவில் சீசன்வாட்ச் என்றொரு திட்டம் இருக்கிறது. விருப்பமுள்ள யாரும் ஒரு மரத்தைத் தத்தெடுத்துக்கொண்டு வாரம் ஒருமுறை அதைப் பார்த்து, தளிர், பூ, காய் இருக்கிறதா, கொஞ்சமா, நிறையவா என்று பதிந்துவரலாம். பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் இதில் இருக்கிறார்கள். 'இந்த வாரம் பூ இல்லை' என்ற பதிவு இருந்தால்தான், அடுத்த வாரம் பூத்ததை முதல் பூ என்று சொல்ல முடியும். கொன்றை எப்போது மஞ்சளாகிறது, வருஷப் பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூ சரியான நேரத்தில் கிடைக்கிறதா என்பதை நம் ஊரில் ஒவ்வொரு வீடும் கவனிக்கத்தான் செய்கிறது. கான்கார்டுபோல் நூறு வருஷத்து வரிசை நம்மிடம் மிகக் குறைவு, காரணம் மரம் இல்லாததல்ல.

எழுதும்போது இரண்டு சின்ன விஷயத்தைக் கவனித்தால் போதும். ஒன்று, பெயர். 'அத்தை வந்தாங்க' என்று எழுதினால் இன்றைக்கு நமக்குத் தெரியும், பேத்திக்குத் தெரியாது. எந்த அத்தை, எந்த ஊர் அத்தை என்று ஒரு சொல் சேர்த்துவிட வேண்டும். இன்னொன்று, வருஷம். நம் முன்னோர் எழுதிய பல ஓலைகளிலும் ஏடுகளிலும் வெறும் வருஷப் பெயரும் மாதமும்தான் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால், நள என்றால் 1736ஆகவும் இருக்கலாம், 1796, 1856, 1916, 1976ஆகவும் இருக்கலாம். கையெழுத்தையும் அதில் வரும் ஆட்களையும் வைத்து எது என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் படாத பாடு படுகிறார்கள். ஆண்டை நான்கு இலக்கத்தில் முழுசாக எழுதிவிட்டால் அந்தச் சிரமம் யாருக்கும் இல்லை.